மகளின் மெசின் வாளுக்கு ஒரு முதல் ஓட்டம்

1

பனி கரையத் தொடங்கினால் எங்கள் கடைக்கு மெசின் வாள்கள் வரத் தொடங்கிவிடும். நோர்வேயில் ஒரு சின்ன ஊரில், புல்வெட்டும் மெசின்களும் மரம் அரியும் மெசின் வாள்களும் திருத்துகிற கடையில் நான் வேலை செய்கிறேன். தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அதே கடை, அதே மேசை, அதே யன்னல். யன்னலுக்கு வெளியே வருடத்தில் பாதி நாள் சாம்பல் நிறம். திருகோணமலைத் துறைமுகத்து வெயிலில் முதுகு கருகியவனுக்கு இது ஒரு தண்டனை என்று முன்பெல்லாம் எழுதியிருப்பேன். இப்போது அப்படி எழுதக்கூட அலுப்பாக இருக்கிறது.

இந்த வருடம் அப்படி வந்த வாள் ஒன்றின் கைபிடியில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. இதை யாரும் இயக்கக்கூடாது என்பது அதன் பொருள். நாடாவுக்குப் பக்கத்தில் நீல நூல் ஒன்று இறுக்கிச் சுற்றியிருந்தது. அந்த நூலை எனக்குத் தெரியும். என் மனைவி பிலோவின் தையல் பெட்டியிலிருந்து போன நூல் அது. குழுவில் எல்லாருடைய வாளும் ஒரே நிறம் என்பதால் தன்னுடையதை அடையாளம் காண ஸ்டெலா அதைச் சுற்றி வைத்திருந்தாள்.

ஸ்டெலா எங்கள் ஒரே மகள். மரம் ஏறுவது அவள் தொழில். இதைச் சொன்னால் ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். இங்கே இருக்கிற எங்கள் ஆட்களும் முதலில் சிரித்தார்கள், பிறகு அனுதாபப்பட்டார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் டொக்டராகவும் கணக்காளராகவும் போக, எங்களுடையது இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நகரசபையின் மரங்களில் ஏறிக் கிளை வெட்டுகிறது. தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில் ஒருவர் என்னிடம், “அண்ணை, பிள்ளைக்குப் படிப்பு ஓடேல்லையோ?” என்று கேட்டார். நன்றாக ஓடியது, அது காட்டுக்குள் ஓடிவிட்டது என்று சொன்னேன்.

வாளைக் கொண்டுவந்தவள் ரண்டி. ஸ்டெலாவின் குழுவுக்குத் தலைவி. என்னைவிட இளையவள்தான், ஆனால் இந்த நாட்டில் எல்லாரும் எல்லாரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். பழகிவிட்டது, முழுதாகப் பழகவில்லை.

“இதன் கார்புரேட்டரில் தொப்பிகள் இல்லை,” என்றாள். “யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஸ்டெலாவைக் கேட்டேன். தனக்குத் தெரியாது என்கிறாள். உன் கடையில் நடந்ததா என்று பார்த்துச் சொல். அதுவரைக்கும் அவள் மரம் ஏற முடியாது.”

“தெரியாது என்றா சொன்னாள்?”

“அப்படித்தான் சொன்னாள். நிரந்தர வேலை கொடுக்கலாமா என்று இந்த மாதம்தான் முடிவெடுக்க இருந்தேன்,” என்று சொல்லிவிட்டு ரண்டி போய்விட்டாள்.

பார்த்துச் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தொப்பிகளைக் கழற்றியவன் நான்.

2

எஞ்சின் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கார்புரேட்டர் என்பது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற பகுதி. அதில் சின்னச் சின்னத் திருகாணிகள் இருக்கும். திறந்தால் பெற்றோல் கூடும், மூடினால் குறையும். கூடினால் புகை, குறைந்தால் சூடு. ஊரில் ஒரு சின்னத் திருப்புளியை வைத்துக்கொண்டு யாரும் எவ்வளவும் திருப்பலாம்.

இங்கே அது முடியாது. புகை விதி என்று ஒன்று இருக்கிறது. ஒரு மெசின் எவ்வளவு அழுக்கைக் காற்றில் விடலாம் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்த அளவைத் தாண்டக்கூடாது என்பதற்காக, தொழிற்சாலையிலேயே திருகாணியின் தலையில் ஒரு பிளாஸ்டிக் தொப்பியைப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். அந்தத் தொப்பி இருக்கும்வரை திருகாணி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பும். அதற்குமேல் டக்கென்று மறித்துவிடும். தொப்பியைக் கழற்றத் தனியான ஆயுதம் வேண்டும். அது அனுமதி பெற்ற திருத்துநரிடம் மட்டும்தான் இருக்கும். புதிதாக வேறு தொப்பி போடுவதற்காக மட்டும்தான் அதைப் பாவிக்கலாம். அனுமதி பெற்ற திருத்துநர் இந்த ஊரில் இரண்டு பேர். ஒருவர் என் முதலாளி, மற்றது நான்.

ஊரில் எஞ்சினுக்குள்ளே யாரும் பார்ப்பதில்லை, ஓடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இங்கே ஓடுகிற எஞ்சினைக்கூட வருடத்துக்கு ஒரு முறை பிரித்து உள்ளே பார்ப்பார்கள். இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அன்றைக்கு எப்படி மறந்தேன் என்பதைச் சொல்ல, அப்பாவின் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது.

3

திருகோணமலையில் இறங்குதுறைக்குப் போகிற வழியில் அப்பாவுக்கு ஒரு தகரக் கொட்டில் இருந்தது. மண்ணெண்ணெயில் ஓடுகிற போட் எஞ்சின்களைத் திருத்துவார். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் போட்காரர்கள் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லாருக்கும் அவர் ‘பாஸ்’தான். தொழில் தெரிந்த எந்த மேசனையும் தச்சனையும் மெக்கானிக்கையும் எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்தத் துறையில் ஒரு முறை இருந்தது. யார் வைத்தது என்று தெரியாது, யாரும் மீறியதில்லை. திருத்திய எஞ்சினைப் பூட்டிக்கொண்டு போட் முதன்முதல் கடலுக்குப் போகும்போது, திருத்தியவரும் அதில் போக வேண்டும். சுக்கானைப் பிடிக்கக்கூடாது, வேலை எதுவும் செய்யக்கூடாது. எஞ்சினுக்குப் பக்கத்தில் சும்மா இருக்க வேண்டும். இதற்கு முதல் ஓட்டம் என்று பெயர். கொட்டியாரக்குடாவின் நடுப்பகுதிவரை போய்த் திரும்பி வந்து கரை தட்டியதும், போட்காரர் முதலில் இறங்குவார். எஞ்சின் மனதுக்குப் பிடித்திருந்தால் திரும்பிக் கையை நீட்டி, “இறங்குங்க பாஸ்” என்பார். அந்த வார்த்தை வரும்வரை அப்பா போட்டை விட்டு எழும்பமாட்டார். காய்ச்சல் என்றாலும் போவார், வாடைக்காற்று எழும்பிக் கடல் குழம்பிக் கிடந்தாலும் போவார். “அப்பிடி எண்டால் மற்றவனை மட்டும் அனுப்பலாமோ?” என்று, மறிக்க வருகிற அம்மாவைக் கேட்பார்.

மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஒருநாள் கிண்ணியா ரசாக் நானா வந்தார். மூதூருக்கு ஆட்களையும் தோப்பூர் நெல் மூடைகளையும் ஏற்றி இறக்குகிறவர். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

“பாஸ், இவன் எண்ணெயை மாடு தண்ணி குடிக்கிற மாதிரி குடிக்கிறான். கொஞ்சமாக் குடிக்கிற மாதிரி கட்டித் தாங்க.”

“கட்டினால் சூடாகும் நானா.”

“எண்ணெய் இல்லாட்டி ஓடவே ஏலாதே, பாஸ்.”

அதுவும் நியாயம்தான். அப்பா திருகாணியை மூடினார். முதல் ஓட்டத்துக்கு நானும் போனேன், எனக்கு அப்போது மீசை அரும்பிய வயது. போட் நன்றாகத்தான் பறந்தது. புகையே இல்லை. எஞ்சின் மெல்லிய குரலில் பாடிக்கொண்டு வந்தது, ரசாக் நானா சந்தோசத்தில் தொடையில் தாளம் போட்டார். குடாவின் நடுவில் அந்தக் குரல் இன்னும் மெலிந்து கீச்சிட்டது. பிறகு சத்தமே இல்லை.

எஞ்சின் நின்றால் கடலில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். பலகையில் அலை அடிக்கிற சத்தம், காற்று, ரசாக் நானா ஓதுகிற சத்தம். நீரோட்டம் எங்களைக் குடாவின் வாய்ப்பக்கம், வெளிக்கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. கரையில் தெரிந்த மா ஆலை சின்னதாகிக்கொண்டு போனது. அப்பா எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் விட்டு, இறுகிப் போனதைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து இளக்கினார். கைத்தோல் உரிந்தது. கடைசியில் திருகாணியை நன்றாகத் திறந்துவிட்டுக் கயிற்றை இழுத்தார். அது இருமியது, பிறகு எடுத்தது. எங்களுக்குப் பின்னால் பெரிய புகையைக் கக்கிக்கொண்டே கரைக்கு வந்தோம். தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள் முதலில் கண்டது அந்தப் புகையைத்தானாம்.

ரசாக் நானா இறங்கினார். திரும்பிப் பார்க்காமல் கொஞ்ச நேரம் நின்றார். நானும் அப்பாவும் போட்டில் இருந்தோம். பிறகு திரும்பிக் கையை நீட்டி, “இறங்குங்க பாஸ்,” என்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்ல என்ன இருக்கிறது, செத்திருந்தால் மூன்று பேரும்தானே செத்திருப்போம்.

அதற்குப் பிறகு அப்பா யாருக்காகவும் திருகாணியை மூடியதில்லை. வேலை முடிந்து எல்லாம் சரி என்ற பிறகும், கடைசியாக ஒரு மயிரிழை திறந்துவிடுவார். அந்தப் பழக்கம் அப்படியே என் கைக்கும் வந்தது. எங்கள் துறையில் புகை என்றால் எஞ்சினுக்குப் பசி இல்லை, ஆள் வீட்டுக்கு வருவான் என்று பொருள். இங்கே புகை என்றால் குற்றம். இரண்டுக்கும் நடுவில் நான் இத்தனை காலம் எப்படியோ சமாளித்துத்தான் வந்திருக்கிறேன்.

4

கடுங்குளிர் காலத்து ஞாயிறு ஒன்றில் ஸ்டெலா சாப்பிட வந்தாள். அவளுக்குத் தனி வீடு இருக்கிறது. ஞாயிறு பூசைக்கு வருவதில்லை, ஆனால் பிலோவின் புட்டுக்கு வருவாள். அதுவே பெரிய காரியம் என்று நாங்கள் இருவரும் பேசாமல் ஒப்புக்கொண்டிருக்கிறோம். சம்பலைப் போட்டுப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

“அப்பா, மேலே நிக்கேக்கை வாள் கொஞ்சம் இருமுது. குளிருக்காக்கும்.”

“நிண்டு போகுதோ?”

“இல்லை. இருமும், பிறகு எடுக்கும்.”

“நிண்டு போகுமோ எண்டு கேக்கிறன்.”

“தெரியாது அப்பா. ரண்டியிட்டைச் சொல்லிக் கடைக்கு அனுப்புவம்.”

“நான்தானே கடை. வாள் காருக்குள்ளையோ கிடக்குது?”

அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் வாளை நிலவறைக்குக் கொண்டுபோய்விட்டேன். குளிர் காற்று அடர்த்தியானது, அதற்குப் பெற்றோல் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். தொப்பி விட்ட அளவுக்குத் திறந்தேன். இருமல் நின்றது. அதோடு கையை எடுத்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. ஆனால் என் பிள்ளை உயரத்தில் ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டு நிற்க, கையில் இருக்கிற எஞ்சின் சத்தமில்லாமல் போகிறதை நான் மனக்கண்ணில் கண்டுவிட்டேன். கை கடைசி மயிரிழையைக் கேட்டது, தொப்பி மறித்தது. கடைச் சாவிக்கொத்தில் அந்த ஆயுதமும் தொங்கிக்கொண்டிருந்தது. தொப்பிகள் கழரும்போதே உடைந்தன. மயிரிழை என்று தொடங்கினேன், எவ்வளவு திறந்தேன் என்று இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. வெளியே கொண்டுபோய் முடுக்கிப் பார்த்தேன். ரசாக் நானாவின் போட் கரைக்கு வந்த அதே கனத்த சத்தம். மனதுக்கு நிறைவாக இருந்தது.

“சரி பிள்ளை, இனி இருமாது,” என்று மட்டும் சொன்னேன். தொப்பியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

ரண்டி வந்துபோன அன்று பின்னேரம் ஸ்டெலாவை வரச் சொன்னேன். வந்து குசினிக் கதிரையில் மேலங்கியைக் கழற்றாமல் இருந்தாள்.

“ரண்டிக்கு ஏன் தெரியாது எண்டு சொன்னனீ?” என்று கேட்டேன்.

“வேறை என்ன சொல்லுறது? என்ரை அப்பா களவாக் கழட்டினவர் எண்டோ?”

“களவில்லையம்மா. உனக்கு ஒண்டும் நடக்கக்கூடாது எண்டுதான்.”

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, அது மேலை நிண்டு போனது. உங்களுக்குத் தெரியுமோ?”

பிலோ அடுப்பை நிறுத்தினாள்.

பள்ளிக்கூட வளவில் பெரிய மேப்பிள் மரம் ஒன்றாம். ஒரு தடித்த கிளையைப் பாதி அரிந்துவிட்டு, வாளை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு கயிற்றை மாற்றிக் கட்டியிருக்கிறாள். வாள் மெதுவாக ஓடிக்கொண்டே தொங்கியது. திரும்பக் கையில் எடுத்தபோது புகையைக் கக்கிவிட்டு நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் எடுக்கவில்லை. பெற்றோல் கூடிப் பிளக் நனைந்துவிட்டது. பாதி வெட்டிய கிளை காற்றில் முறுக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் பிளக்கும் என்று தெரியாமல் அவளுக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கைவாளால் மிச்சத்தை அரிந்து முடித்துவிட்டு இறங்கினாளாம்.

“ரண்டி கீழை நிண்டு, பெற்றோல் விட மறந்து போனியோ எண்டு கேட்டா. ஓம் எண்டு சொன்னனான்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“என்னெண்டு சொல்லுறது? நீங்கள் ‘இனி இருமாது’ எண்டு சிரிச்சுக்கொண்டு தந்தனீங்கள். முதல் தரம் ஸ்டாட் பண்ணேக்கையே எனக்கு மணத்திலை விளங்கினது, நீங்கள் ஏதோ செய்திருக்கிறீங்கள் எண்டு. அப்பா செய்தது சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன்.”

எஞ்சின் நின்றுவிடுமோ என்று பயந்தவன் நான். நிறுத்தியவனும் நானே.

“எனக்குத் தொப்பியிலை கோவமில்லை,” என்றாள். தமிழில் தொடங்கி நடுவில் நோர்வேஜிய மொழிக்குப் போய், வலிந்து தமிழுக்குத் திரும்பி வந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு அந்த மொழிதான் கெதியாக வரும், இருந்தும் திரும்பி வந்தாள். “சின்னனிலை அந்தக் கதையை எத்தினை தரம் சொன்னனீங்கள். ரசாக் நானா, புகை, எல்லாம். கை வைச்ச ஆள் கூடப் போகவேணும் எண்டு. நீங்கள் கை வைச்சனீங்கள். நான் தனியப் போனன்.”

எங்கள் கதைகள் எதுவும் அவள் மனதில் ஒட்டவில்லை என்று பிலோவிடம் எத்தனையோ நாள் புலம்பியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் குசினியில், ஒட்டாமல் இருந்திருக்கலாமே என்று இருந்தது.

5

மறுநாள் ரண்டியிடம் போய்ச் சொன்னேன். பதற்றத்தில் மொழி காலை வாரியது. மெசினுக்கு நான் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பாடு கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் என்னையும் வாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விளங்கிக்கொண்டு, கோபப்படாமல் ஒரு விடயம் சொன்னாள்.

“இந்த விதி வானத்துக்காக மட்டும் என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். அந்தப் புகையை முதலில் குடிக்கிறவர் வாளைப் பிடித்திருக்கிறவர். மரத்தின் மேலே வாள் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கிழமைகளில் ஸ்டெலா தலையிடி என்று இரண்டு தரம் வீட்டுக்குப் போனாள்.”

அப்பா வாழ்நாள் முழுவதும் இருமினார். கடல்காற்று என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அதை ரண்டிக்குச் சொல்லவில்லை.

பிழை முழுவதும் என்னுடையது, பிள்ளையின் வேலையில் கை வைக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். அவள் மனமிரங்கினாள், ஆனால் முழுதாக இல்லை. “பெற்றோல் விட மறந்தேன் என்று ஒன்று, தொப்பி பற்றித் தெரியாது என்று ஒன்று, அவள் இரண்டு தரம் பொய் சொல்லியிருக்கிறாள். மேலே நிற்கிறவர் சொல்வதை நம்பித்தான் கீழே நிற்கிறவர்கள் வேலை செய்கிறோம். மரம் ஏறட்டும். நிரந்தர வேலையை இலையுதிர் காலத்தில் பார்ப்போம்,” என்றாள். என் முதலாளியோ, புகை விதி பற்றிய படிப்பைத் திரும்பப் படித்துத் தேறும்வரை கார்புரேட்டர் பக்கமே போகக்கூடாது என்றார். ஓய்வூதியத்துக்கு நாள் எண்ணுகிற வயதில், கணினிக்கு முன் இருந்து சரி பிழை குறிக்கிற பரீட்சை. முதல் தரம் கோட்டை விட்டேன். ஒரு கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது: வாடிக்கையாளர் தொப்பியைக் கழற்றச் சொன்னால் என்ன செய்வீர்கள்? வாடிக்கையாளர் ஒன்றுமே சொல்லாமல் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று அவர்கள் கேட்கவில்லை.

திருகோணமலையில் அப்பாவின் கொட்டிலைத் தம்பி றெஜி இப்போது சீமெந்துச் சுவர் வைத்துக் கட்டி, அதே திருத்து வேலையை நடத்துகிறான். தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“உந்தச் சின்னத் தொப்பிக்கோ அண்ணை இவ்வளவு கதை?” என்று சிரித்தான். “இஞ்சையும் இப்ப புகை இல்லாத புது எஞ்சின் வந்திட்டுது. சத்தமும் குறைவு. ஓடுதோ இல்லையோ எண்டு கையை வைச்சுத்தான் பாக்கவேணும்.”

“முதல் ஓட்டம் போறனியோ?”

“போகாமல்? நாளைக்கும் ஒண்டு இருக்கு.” கொஞ்சம் பொறுத்து, “நீ போறனியோ?” என்று கேட்டான்.

இங்கே யார் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

6

இரண்டாம் தரம் பரீட்சையில் தேறினேன். அதுவரை சிவப்பு நாடாவோடு வாள் என் மேசையிலேயே கிடந்தது. முதலாளியிடம் கொடுத்து ஒரு நாளில் முடிக்கலாம் என்று ரண்டி சொன்னாளாம், அப்பா படித்து முடிக்கட்டும், அவர்தான் செய்ய வேண்டும் என்று ஸ்டெலா பிடிவாதம் பிடித்தாளாம். இதை ரண்டிதான் எனக்குச் சொன்னாள். ஸ்டெலா என்னோடு அவ்வளவாகப் பேசவில்லை.

புதுக் கார்புரேட்டர் போட்டேன். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டுகிற கருவியை மாட்டி, இலக்கத்தைப் பார்த்தே திருகாணியை வைத்தேன். காதை நம்பவில்லை. எஞ்சின்களோடு வாழ்ந்த காதுக்கு மெல்லிய சத்தங்கள் விழுவதில்லை என்று டொக்டர் படம் போட்டுக் காட்டி நாளாகிறது. எல்லாம் சரி என்ற பிறகும் கை கடைசி மயிரிழையைக் கேட்டது. தொப்பி டக்கென்று மறித்தது. கையை எடுத்துவிட்டு, திருப்புளியை மேசை லாச்சியில் போட்டு மூடினேன்.

பிறகு ரண்டியைக் கூப்பிட்டு, இந்த வாள் முதல் நாள் வேலைக்குப் போகும்போது நானும் வர வேண்டும் என்று கேட்டேன். ஏன் என்றாள். எங்கள் ஊர் முறை என்றேன். அதற்கும் இங்கே விதி இருந்தது. மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு நாடா கட்டியிருக்கும், அதற்கு உள்ளே வரக்கூடாது. தலைக்கவசம், மஞ்சள் அங்கி, காதுமூடி, ஒரு கையெழுத்து. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன்.

பழைய தேவாலய வளவில் காற்றுக்குச் சரிந்த ஒரு மரம். நாடாவுக்கு வெளியே, முன்பு எப்போதோ வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்று இருந்தது. முழங்கால் நோகநோக அதன் மேல் ஏறி நின்றேன். ஸ்டெலா என்னைக் கண்டாள். கயிற்றைச் சரிபார்த்து, வாளை இடுப்பில் கொழுவிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். அவள் ஏறுவதை நான் அதற்கு முன் ஒரு நாளும் பார்த்ததில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு வடிவாக ஏறினாள்.

மேலே போய் நின்று வாளின் கயிற்றை இழுத்தாள். எடுத்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தூரம், காதுமூடி, என் காது. புகையைத் தேடினேன். வானம் வெறுமையாக இருந்தது. புகை இல்லாவிட்டால் எஞ்சின் இல்லை என்றுதான் என் உடம்புக்குத் தெரியும். ஒரு கிளை விழுந்தது. ஓடுகிறது. பிறகு அவள் வாளைத் தொங்கவிட்டுவிட்டு, கயிற்றை அவிழ்த்து அடுத்த கிளைக்கு மாறினாள். அன்றைக்கு நின்றுபோனது இப்படித் தொங்கிய நேரத்தில்தான். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நாடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும் போலிருந்தது. ஓடி என்ன செய்ய, மரத்தில் ஏறவா முடியும்? அப்பா போட்டில் சும்மா இருந்ததைப்போல, அந்தக் கட்டையின் மேல் சும்மா நின்றேன். சும்மா இருப்பதுதான் அந்த வேலையில் கஷ்டமான பகுதி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

அவள் வாளைத் தூக்கினாள். அடுத்த கிளை விழுந்தது. அதற்கு அடுத்ததும் விழுந்தது. கடைசிக் கிளைவரைக்கும் அது நிற்கவில்லை.

மரம் மொட்டையானதும் இறங்கி வந்தாள். ரண்டியிடம் ஏதோ சொன்னாள். பிறகு வாளைக் கீழே வைத்துவிட்டு, நாடாவைத் தாண்டி நேரே என்னிடம் வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகம் முழுக்க மரத்தூள், கரி இல்லை. நான் கட்டையின் மேலேயே நின்றேன். இறங்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

கவசத்தை அடிக்கட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கையுறையைக் கழற்றி அக்குளில் செருகிவிட்டுக் கையை நீட்டினாள்.

“இறங்குங்க பாஸ்,” என்றாள், நான் சொல்லிக் காட்டிய அதே கிண்ணியாக் குரலில்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.